சம்பளம் கொடுக்காத முதலாளி

சென்னையில் அமெச்சூர் நாடகக் குழு நடத்துகிறவரைக் கல்யாண வீட்டில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். இலையில் கவனம் இருக்காது. ரசம் ஊற்றுகிற பையனையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருப்பார். "நல்ல உயரம். இன்ஸ்பெக்டருக்கு எடுப்பா இருப்பான்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுவார். அவன் இரண்டாவது முறை ரசத்தோடு வருவதற்குள் போன் நம்பர் கைக்கு வந்திருக்கும்.

நம் டைரக்டர் சார் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் உத்தியோகமும் நாடகமும் சேர்ந்தே வரும் என்பது அவருடைய திடமான கொள்கை. அதற்குப் பெரிய வம்சாவளியே வைத்திருக்கிறார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்து ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியானவர். கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ். நாகேஷ் ரயில்வே. பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோ. இந்தப் பட்டியலைச் சொல்லி முடித்துவிட்டு, தான் எந்தக் கிளையில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்வார். கேட்கிறவர் மறுக்க முடியாது.

ஆனால் அவருடைய நிஜமான கஷ்டம் வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கம்பெனி வீட்டிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, விடிகாலையில் எழுந்து பாடம் பண்ணினார்கள். பாடம் தவறினால் முதுகு பழுக்கும். அங்கே வாத்தியார் என்றால் வாத்தியார்தான். நம்மவரிடம் பிரம்பும் கிடையாது, சம்பளப் பட்டியலும் கிடையாது. யாரையும் அவரால் வேலையை விட்டு நீக்க முடியாது. ஏனென்றால் அங்கே யாரும் வேலையில் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ரிகர்சல் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார். பத்துப் பன்னிரண்டு கட்டைவிரல்கள் உடனே எழும்பும். கட்டைவிரல் காட்டியவன் வரமாட்டான் என்பது அவருடைய நீண்ட கால அனுபவம். "சார், ஒரு பத்து நிமிஷம் லேட்டாகும்" என்று எழுதுகிறவன்தான் நிச்சயம் வருவான், பன்னிரண்டு மணிக்கு. பேங்கில் இருந்தபோது ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த காஷியரை நடுங்க வைத்தவர், இப்போது வாசலுக்கே போய், "டிராபிக்காப்பா? முதல்ல உக்காரு. காபி குடி" என்கிறார். வேறென்ன செய்வது? ஒரு வார்த்தை கூடப் பேசினால், "அப்ப நான் விலகிக்கறேன் சார்" என்று அவன் அதைவிட மரியாதையாகச் சொல்லுவான்.

அந்தக் காபி எங்கிருந்து வருகிறது என்பதை எந்த நோட்டீஸிலும் போடுவதில்லை. டைரக்டர் வீட்டு மாமிதான் போடுகிறார். இத்தனை வருஷ நாடகங்களில் எந்தப் பாத்திரத்தின் வசனமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கதாநாயகி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீங்க என்னைப் புரிஞ்சுண்டது இவ்வளவுதானா?" என்கிற வசனத்தைச் சமையலறையிலிருந்து மாமி எடுத்துக்கொடுத்தார். ஹால் முழுக்க நிசப்தம். அவ்வளவு உணர்ச்சியோடு அதை யாரும் சொன்னதில்லை. டைரக்டர் மட்டும் ஸ்கிரிப்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. நீங்களே நடிக்கலாமே மாமி என்று கேட்டதற்கு, "நடிச்சா இந்தக் கப்பெல்லாம் யார் அலம்பறது?" என்றார்.

கதாநாயகனுக்கு ஐம்பத்தேழு வயது. நாடகத்தில் அவருக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவாக நடிக்கிறவர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குகிற காட்சியில் இவரை எழுப்பிவிட அந்த அம்மாவும் குனிய வேண்டியிருக்கிறது. அது தாய்ப்பாசம் என்று சபை நினைத்துக்கொள்கிறது. ஆளை மாற்றக்கூடாதா என்றால், முடியாது. நாடகச் சாமான் பெட்டி ஏறுகிற பெரிய கார் குழுவில் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

அப்பா வேஷக்காரர் தனி ஜாதி. தமிழ் நாடக மேடையில் அப்பாக்கள் ஏன் எப்போதும் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பேப்பருக்குள் வசனம் ஒட்டியிருக்கிறது. ஒரு தடவை செட் போடுகிற பையன் பெட்டியில் இருந்த பேப்பருக்குப் பதிலாக அன்றைய பேப்பரை டீப்பாய் மேல் வைத்துவிட்டான். அப்பா பிரித்தார். உள்ளே மகள் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கொஞ்சமும் அசரவில்லை அவர். "வெண்டைக்காய் கிலோ என்ன விலை விக்கறது பாத்தியா?" என்று தொடங்கி, அன்றைய விலைவாசி, மழை நிலவரம், வரன் விளம்பரம் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். எதிரே நின்ற மகள் எல்லாவற்றுக்கும் அழுதாள், அவளுடைய ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. அந்தச் சீனுக்குக் கிடைத்த கைதட்டல் மற்ற எதற்கும் கிடைக்கவில்லை. அடுத்த ஷோவிலிருந்து வெண்டைக்காய் ஸ்கிரிப்டில் ஏறிவிட்டது. அதை எழுதியது தான்தான் என்று டைரக்டர் இப்போது நம்புகிறார்.

சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்று சொல்வார்கள். நம்மவரும் கிளைமாக்ஸை ஒரே இரவில்தான் எழுதுகிறார். ஷோவுக்கு முந்தின இரவு.

ரிகர்சலுக்குச் சரியாகப் பத்து மணிக்கு வருகிற ஒரே ஆண் நடிகர், போஸ்ட்மேன். வசனம் மொத்தமே "சார், போஸ்ட்!" அதற்கே அவருக்கு ஆயிரம் சந்தேகம். "சார், இந்தப் போஸ்ட்மேனுக்குக் கல்யாணம் ஆயிடுத்தா?", "காலை டெலிவரியா, மத்தியானமா? அதுக்கேத்த களைப்புக் காட்டணும் இல்லையா?" என்று ஞாயிறுதோறும் கேட்பார். ஷோவுக்கு மைத்துனர் குடும்பம், அலுவலகம், பழைய பள்ளித் தோழர்கள் என்று முப்பது பேரை அழைத்துவருவார். அவர் மேடைக்கு வந்ததும் முப்பது பேரும் தட்டுவார்கள். சபா செக்ரட்டரிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனதால், வெறும் கடிதமாக வந்தது இப்போது ரெஜிஸ்டர் தபாலாகிவிட்டது. கையெழுத்து வாங்க வேண்டும். பேனா எழுதவில்லை என்று ஒரு கால் நிமிஷம் கூடுதலாகவும் கிடைக்கிறது.

கதாநாயகி விஷயத்தைச் சொல்லவில்லையே. பம்மல் முதலியாருக்கு இந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தது. அவர் சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு அதில் பெரிய பேர் வாங்கியவர். இன்று பெண்கள் நடிக்க வருகிறார்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒருவரே மூன்று நான்கு குழுக்களில் மாறி மாறி நடிப்பார். கிரேஸி மோகன் நாடகங்களில் கதாநாயகிக்கு எப்போதும் ஜானகி என்றே பெயர் இருக்கும். அது எவ்வளவு தீர்க்கதரிசனம் என்று நம் டைரக்டர் வியப்பார். யார் வந்தாலும் பெயரை மாற்ற வேண்டாமே! மோகன் அதற்காக வைக்கவில்லை என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. ஷோ அன்று நம் கதாநாயகி ஐந்தேமுக்காலுக்கு ஆட்டோவில் வந்து இறங்குவார். புடவைப் பை அவருடையது, நகை அவருடையது, வசனம் மனப்பாடம். நடித்து, கவரை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். குழுவில் நேரத்துக்கு வந்து, பாடம் மறக்காமல், சண்டை போடாமல் போகிறவர் அவர் ஒருவர். பணம் வாங்குகிறவரும் அவர் ஒருவர். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று டைரக்டர் ஆராய்ந்ததில்லை. ஆராய்ந்தால் குழுவையே கலைக்க வேண்டியிருக்கும்.

ஷோ அன்று இன்ஸ்பெக்டர் வரவில்லை. கல்யாணப் பந்தியில் பிடித்த பையன்தான். அவனுக்கு அன்று வேறொரு கல்யாணத்தில் பந்தி. டைரக்டரே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார். பட்டன் போடவில்லை, போட முடியவில்லை. கடைசிச் சீனில் நுழைந்து, கைது செய்ய வேண்டிய மாமாவை விட்டுவிட்டுக் கதாநாயகனைக் கைது செய்தார். பல வருஷத்து ஆசையாக இருக்கலாம். பிராம்ப்டர் திரைக்குப் பின்னாலிருந்து, "அவர் இல்லை சார், மாமா, மாமா!" என்று கத்தியது பால்கனி வரை கேட்டது. திரை விழுந்ததும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி அறிமுகப்படுத்தினார். அன்று மேடையில் அதிகம் பேசியவரான பிராம்ப்டரை மட்டும் மறந்துவிட்டார்.

கோடையில் சென்னையில் இருந்தால் ஒரு மாலை சபா பக்கம் போய்ப் பாருங்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா நடத்துகிறது, நாளுக்கொரு நாடகம். மேடையில் நிற்கிறவர்கள் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள். போஸ்ட்மேன் வந்தால் நீங்களும் கொஞ்சம் கை தட்டுங்கள்.