மனு அண்ணாச்சி

கொற்கையை விட்டுக் கடல் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆகிறது. பாண்டியர் துறைமுகமாக இருந்து, முத்து ஏற்றி, யவனர் எழுதிய பயண நூல்களில் பெயர் ஏறிய ஊர். இன்று அங்கே நின்று பார்த்தால் நெல்லும் வாழையும்தான் தெரியும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இது சம்பந்தமாக அரசுக்கு இதுவரை ஒரு மனுகூடப் போகவில்லை. காரணம் அலட்சியம் அல்ல. கடல் பின்வாங்கியது வருவாய்த் துறையில் வருமா, நீர்வளத் துறையில் வருமா, மீன்வளத் துறையில் வருமா என்பதில் மனு அண்ணாச்சிக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை. பிறந்துவிட்டால் அடுத்த திங்கட்கிழமையே மனு போய்விடும்.

அண்ணாச்சியைக் கொற்கையில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அக்கசாலை, மாரமங்கலம், உமரிக்காடு, முக்காணி என்று அந்தப் பக்கத்தில் எந்த ஊரில் இறங்கி, "ஒரு மனு எழுதணுமே" என்று டீக்கடையில் சொன்னாலும், கடைக்காரர் டீ ஆற்றுகிற கையாலேயே திசை காட்டுவார். அந்தத் திசையில் ஒரு திண்ணை இருக்கும். திண்ணையில் மஞ்சப்பையோடு அறுபது தாண்டிய ஒருவர் இருப்பார். எந்தப் பதவியிலும் அவர் இருந்ததில்லை. வார்டு உறுப்பினர் தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றதாக ஊர் சொல்லும். அவரிடம் கேட்டால் வாக்கு எண்ணிக்கை பற்றிய மனு நிலுவையில் இருப்பதாகச் சொல்வார்.

அந்த மஞ்சப்பை ஒரு நடமாடும் தாலுகா ஆபீஸ். வெள்ளைத் தாள், பசை டப்பா, ஸ்டாம்ப் பேடு, தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு ஒட்ட 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், நாலைந்து வருஷத்து ரசீதுகள் எல்லாம் அதற்குள் உண்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா: எழுதுவதற்குக் கறுப்பு, ஏனென்றால் ஜெராக்ஸில் நன்றாக விழும், கையெழுத்துக்கு நீலம், ஏனென்றால் அசல் எது நகல் எது என்று ஆபீசில் குழப்பக் கூடாது. கைநாட்டு வைக்க வரும் ஆச்சிகளின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திவிட்டு, மையைத் தன் தோள் துண்டிலேயே துடைத்துவிடுவார். அந்தத் துண்டை விரித்தால் ஊரில் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள்.

அவருடைய கல்வி பெரிது. கொற்கைக்காரருக்கு வீட்டு வரி, தெருவிளக்கு என்றால் ஒன்றிய ஆபீஸ் ஸ்ரீவைகுண்டத்தில். பட்டா, வாரிசுச் சான்று என்றால் தாலுகா ஆபீஸ் ஏரலில். 2019இல் ஏரல் தனித் தாலுகா ஆனதிலிருந்து அப்படி. அதற்கு மேல் அப்பீல் என்றால் கோட்டம் திருச்செந்தூர். எதுவும் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குத் தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகம். நாலு திசைக்கும் நாலு பஸ். 'முருகனைப் பாக்கப் போறேன்' என்று அண்ணாச்சி சொன்னால் ஆர்டிஓ ஆபீசில் வேலை இருக்கிறது என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள்.

"ஆன்லைன்ல போடலாமே அண்ணாச்சி, இ-சேவையில" என்று காலேஜ் பையன் ஒருவன் கேட்டுவிட்டான்.

"போடலாம்டே. போட்டா நம்பர் வரும். நம்பருக்குப் பொறவு மெசேஜ் வரும், 'பரிசீலனையில் உள்ளது'ன்னு. பரிசீலிக்கிற ஆளு யாருன்னு தெரியணும்லா? அவரு லீவா, டிரான்ஸ்பரா, மகளுக்குக் கல்யாணமா? அது ஆன்லைன்ல வருமா?"

பையனிடம் பதில் இல்லை. நமக்கும் இல்லை. பட்டாவும் சிட்டாவும் வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்று வந்த பிறகு அண்ணாச்சியிடம் கூட்டம் குறையவில்லை, கூடியிருக்கிறது. முன்பெல்லாம் ஆபீசுக்குப் பயந்தவர்கள் வந்தார்கள். இப்போது ஓடிபிக்குப் பயந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மனு நடை தனி நடை. வாய்ப்பேச்சில் "ஏலே, அந்தக் குழாயில ஒரு மாசமா தண்ணி வரலலே" என்கிற அதே மனிதர், பேனாவைத் திறந்ததும் 'மேற்படி தெருவில் மேற்படி குழாயில் மேற்படி குடிநீரானது' என்று ஆரம்பித்துவிடுவார். கீழே நகல் பட்டியல் இருக்கும்: முதலமைச்சர் தனிப்பிரிவு, மாவட்ட ஆட்சியர், வட்டார வளர்ச்சி அலுவலர். நகலைப் பார்த்துத்தான் அசலைப் படிப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். மகளிர் உரிமைத் தொகை ஏன் வரவில்லை என்று கேட்க வந்த மருமகள்களுக்கு மேல்முறையீடு எழுதிய வகையில் 2023 கடைசி முழுக்க அவருக்கு வீட்டுச் சாப்பாடு ஆறித்தான் போனது. கூலி என்று கை நீட்ட மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் மறுக்க மாட்டார். வடையை அவராகவே எடுத்துக்கொள்வார்.

ஒரு குறை உண்டு. வேலை நடந்துவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். மூன்று மனு, இரண்டு நினைவூட்டு, ஒரு நேர்முகச் சந்திப்பு என்று போய்க்கொண்டிருந்த தெருவிளக்கு ஒரு நாள் சாயங்காலம் யாரும் எதிர்பாராமல் எரிந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. அண்ணாச்சி கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எரியுது. ஆனா என் மனுவுக்குப் பதில் வரலியே" என்றார். மறுநாள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போனது: மேற்படி விளக்கு எந்தத் தேதியிட்ட மனுவின் பேரில் எரிகிறது? சட்டப்படி 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்த 30 நாளும் அவர் நிம்மதியாக இருந்தார்.

செய்தி சொல்வதும் அவர் பொறுப்புதான். 2022 ஆகஸ்டில், தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுதியிருந்தார். நல்ல காரியம், ஒரு மனிதரைப் பறையோடு தெருத்தெருவாக நடக்கவிடுவது எந்தக் காலத்திலும் சரியில்லை. ஆனால் வண்டி ஊருக்குள் வர டீசல் வேண்டும். அண்ணாச்சிக்கு வேண்டாம். காலை ஐந்தரைக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் வந்துவிடும். சின்ன வயசில் திருநெல்வேலி வானொலி கேட்டு வளர்ந்த குரல். "வணக்கம். இன்றைய செய்திகள். ரேஷன் கடையில் பாமாயில் வந்துள்ளது, துவரம்பருப்பு வரவில்லை. பராமரிப்புப் பணி காரணமாகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை மின்தடை. கிராம நிர்வாக அலுவலர் ஜமாபந்திக் கணக்கோடு ஏரலில் இருப்பதால் இன்று அவரைத் தேட வேண்டாம்." கடைசியில் ஒரு செருமல். அது முடிந்தது என்பதற்கு அடையாளம். உலகச் செய்தி சொல்ல மாட்டார். "அதுக்குத்தான் டிவி இருக்கே. பாமாயிலை டிவியில சொல்லுவானா?"

அவரை ஊர் கேலி செய்ததெல்லாம் 2023 டிசம்பர் வரைதான். அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் அப்படியே நின்று, பயணிகள் இரண்டு நாள் தவித்தார்கள். ஏரல் தனித்தீவானது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, காலை ஐந்தரைச் செய்தியும் இல்லை. தண்ணீர் வடிந்து பார்த்தால் பீரோவுக்குள் ஆதாரும் பத்திரமும் ரேஷன் கார்டும் கூழாகக் கிடந்தன. நிவாரணம் 6,000 ரூபாய் அறிவித்தார்கள், தொலைந்த சான்றுகளுக்கு முகாம் போட்டார்கள். முகாமில் முதல் கேள்வி, "பழைய நம்பர் ஏதாச்சும் இருக்கா?"

அண்ணாச்சி வீட்டுப் பரணில் இருந்தது. யார் மனு கொடுத்தாலும் அவர் இரண்டு ஜெராக்ஸ் வாங்குவார். "ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு நமக்கு." ரெண்டு ரூபாய்க்காக அவரிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. ஊரின் ஆதார், பட்டா, சாதிச் சான்று, பிறப்பு, இறப்பு எல்லாம் தெருவாரியாக, உரச் சாக்குக்குள் கட்டி, ஓட்டுக்குக் கீழே காய்ந்த நிலையில் இருந்தன. ஊர் வரிசையில் நின்றது. நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "ரெண்டு ரூவாக்கு என்னைய என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?" அந்தக் கேள்வியைக் கேட்காமல் கொடுத்திருந்தால் மகானாகியிருப்பார்.

தலைவரை மகானாக்குவது அந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1906இல் ஏரல் சேர்மனாகி, 1908 ஆடி அமாவாசையன்று சின்ன வயதிலேயே மறைந்த அருணாசலம் இன்று சேர்மன் சாமி. ஆற்றங்கரைக் கோயிலில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நிற்க இடம் கிடைக்காது. உள்ளாட்சித் தலைவர் ஒருவரைப் பதவிப் பெயரோடு சேர்த்துச் சாமியாகக் கும்பிடும் ஊர் வேறு இருந்தால் சொல்லுங்கள். பஞ்சாயத்துத் தலைவியிடம் கிராம சபையில் அண்ணாச்சி தவறாமல் இதை எடுப்பார்.

"மயினி, சேர்மனா இருந்தவரு சாமியானாரு. நீங்க தலைவரா இருந்து ஒரு வாறுகால் தூர்வாரலியே."

"அந்தச் சேர்மன் காலத்துல ஒம்மள மாதிரி ஆளு மனு குடுக்க வரல, கொழுந்தனாரே. உக்காருங்க."

உட்கார மாட்டார். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்த கிராம சபையை 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறாக்கியபோது, ஊரில் மகிழ்ந்த ஒரே ஆள் அவர். முதலில் தலை எண்ணுவார். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊர் என்றால் 100 பேர் வந்திருக்க வேண்டும். 100 நாள் வேலைக்காரர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பார்கள்; அவர்களை எண்ணுவார். மிட்டாய்க்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை எண்ண மாட்டார். 97 வந்தால் கூட்டத்தையே நிறுத்திவிடுவார். மூன்று பேரைப் பிடித்துவர ஆள் ஓடும். வந்ததும் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எழுந்து, "ஆட்சேபணை" என்பார். வரவு செலவு, ஆட்சேபணை. குடிநீர்த் தொட்டி கழுவியது, ஆட்சேபணை. சுதந்திர தின வாழ்த்து, வாசகத்தில் ஆட்சேபணை.

அண்ணாச்சி ஆயிரத்து இருநூறு வருஷம் பிந்திப் பிறந்தது அவருடைய நிலபுலனுக்கு நல்லது. திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, சுமார் கி.பி. 800. உத்திரமேரூர் குடவோலைக்கும் நூறு வருஷம் முந்தியது. புகழ் மட்டும் உத்திரமேரூருக்குப் போய்விட்டது. ஊர்ச் சபையில் உட்கார என்ன தகுதி என்று விதித்த கையோடு, வருகிற தீர்மானத்துக்கெல்லாம் 'அல்ல, அல்ல' என்று குறுக்கே நிற்பவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அன்றைக்கும் ஒரு அண்ணாச்சி இருந்திருக்கிறார். ஒருவருக்காக யாரும் கல்லில் வெட்ட மாட்டார்கள். ஊருக்கு ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் 2025 ஜனவரி வரைக்கும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். மயினி சாவியையும் செக் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டு வீட்டில் வடகம் போட உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஆகஸ்ட் 15 கிராம சபையில் அண்ணாச்சி வழக்கம்போல எழுந்தார். "முதல் தீர்மானத்துக்கு ஆட்சேபணை."

"சரிங்க ஐயா, பதிவு பண்ணிக்கிடலாம்" என்றார் அதிகாரி. எழுதியும் கொண்டார்.

"ரெண்டாவதுக்கும் ஆட்சேபணை."

"அதையும் பதிவு பண்ணியாச்சு. வேற?"

வேறு ஒன்றும் இல்லை. அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். அதிகாரியின் கையில் இன்னும் பல ஊர்களின் தீர்மானப் புத்தகம் இருந்தது. ஒருவரும் "உக்காருங்க" என்று சொல்லவில்லை. அவராகவே உட்கார்ந்தார். கூட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்து, மிட்டாய் மிஞ்சியது.

அன்று சாயங்காலம் மஞ்சப்பையோடு மயினி வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "ஒங்க காலத்துல போட்ட சிமெண்டு ரோடு பேந்துட்டு" என்றார். மயினி அரிசி புடைத்துக்கொண்டே, "ரோட்டைப் பாக்கவா வந்திய?" என்றார். இல்லை. ஊராட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரி ஒரு மனு எழுதியிருந்தார், மூன்று பக்கம், நகல் ஆறு பேருக்கு. தனி ஆளாகக் கொடுத்தால் எடுபடாது, முன்னாள் தலைவர் கையெழுத்தும் வேண்டும்.

மயினி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மனுதாரர் 1, அண்ணாச்சி. மனுதாரர் 2, மயினி.

"தலைவரா இருந்தது நான். ஒம்ம பேரு எப்படி மொதல்ல வரும்?"

"எழுதினது நான்லா?"

மாதங்கள் ஆகின்றன. மனு இன்னும் கோரம்பள்ளம் போய்ச் சேரவில்லை. திண்ணையில் சத்தம் மட்டும் தினமும் கேட்கிறது; ஒரு நாள் மயினியின் சம்மதம் இல்லாமல் வரிசை எண் போட்டது செல்லுமா என்று, இன்னொரு நாள் அகர வரிசைப்படி போட்டால் என்ன என்று. அண்ணாச்சி பழையபடி தெம்பாகிவிட்டார். காலைச் செய்தியின் கடைசிச் செருமலில்கூட அது தெரிகிறது.