ஊருக்குள் வராத சிறுத்தைகள்

கள்ளழகர் கதையை மதுரைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கை கல்யாணத்துக்கு மலையிலிருந்து சீரோடு கிளம்புவார். வைகைக்கு வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். கோபித்துக்கொண்டு, ஊருக்குள் கால் வைக்காமல், ஆற்றில் இறங்கி வண்டியூர்ப் பக்கம் போய்விடுவார். நாங்களும் லட்சக்கணக்கில் கூடி நின்று தண்ணீர் பீய்ச்சி, வராத சாமியை வாயாரக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். ஊருக்குள் வராதவரைக் கொண்டாடுவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். 2018-ல் மதுரை பேரைச் சொல்லிக் கோப்பை வாங்கிய கிரிக்கெட் அணி, அதற்காக ஒரு பந்துகூட மதுரையில் போடவில்லை என்பதை யாரும் பெரிதுபடுத்தாததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் பிறந்தது. ஐபிஎல்லுக்குத் தம்பி. தம்பி என்றால் ஒரே வயிற்றில் பிறந்த தம்பி இல்லை, அண்ணன் போட்டுக் கழித்த சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற ஒன்றுவிட்ட தம்பி. எட்டு அணிகள். கோவை, திண்டுக்கல், தூத்துக்குடி, காரைக்குடி, காஞ்சி, திருவள்ளூர் என்று பஸ் ஸ்டாண்டு போர்டு மாதிரி ஊர்ப்பேர்கள், சென்னைக்குச் சேப்பாக்கம், அப்புறம் நாங்கள். ஆனால் அப்போது மைதானம் மூன்றே மூன்று: சேப்பாக்கம், திருநெல்வேலி சங்கர் நகர், நத்தம் என்.பி.ஆர். கல்லூரி. எட்டுக் குடித்தனத்துக்கு மூன்று அடுப்பு. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில், நாலு கம்பம் நட்டு ஃப்ளட்லைட் போடப் பாண்டியர்களுக்கு ஏனோ தோன்றவில்லை. நம் அணியைப் பார்க்க ஆசைப்பட்டவன் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஊமச்சிகுளம் தாண்டி, நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம் போய், திண்டுக்கல் மாவட்டத்தில் இறங்கித்தான் 'நம்ம ஊரு' என்று கத்தவேண்டியிருந்தது.

முதல் இரண்டு வருஷம் அணியின் பெயர் மதுரை சூப்பர் ஜெயன்ட். கவனியுங்கள், ஒருமை. பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பூதம். முதல் வருஷம் அந்தப் பூதம் அரையிறுதிப் பக்கம் போகாமலே வீடு திரும்பியது. இரண்டாம் வருஷத்தைப் பற்றித்தான் கொஞ்சம் பேசவேண்டும். 2017 ஜனவரியில் அலங்காநல்லூர் வாடிவாசலில் தொடங்கிய ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூடு மெரினா வரை பரவி, டில்லியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. மதுரைக்காரன் என்றால் அருவாளோடுதான் தூங்குவான் என்று சினிமாக்காரர்கள் வேறு சத்தியம் செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனை கீர்த்தியோடு ஜூலையில் களமிறங்கிய மதுரை, லீக்கில் ஏழு ஆட்டம் ஆடி ஏழிலும் தோற்றது. வந்த ஏழு ஊரையும் வாசலில் நின்று வரவேற்று, ஆளுக்கு இரண்டு பாயின்ட் மொய் எழுதி, வெற்றிலை பாக்குக் கொடுத்து அனுப்பிவைத்தோம். நம் கணக்கில் சுழி.

ஆனால் எங்கள் சீமையில் மொய் என்பது தானம் இல்லை, கடன். நோட்டில் ஏறிவிட்டால் ஒருநாள் திரும்பி வந்தே தீரும்.

2018-ல் பெயரை மாற்றினார்கள். எண் கணிதமோ என்னவோ, பூதம் போய்ச் சிறுத்தைகள் வந்தன: சீகெம் மதுரை பாந்தர்ஸ். சீகெம் என்பது கேபிள், ஒயர் செய்கிற கம்பெனி. இரண்டு வருஷமாகக் கரண்டு இல்லாத அணிக்கு ஒயர் கம்பெனிக்காரர் கிடைத்தது பொருத்தந்தான். சிறுத்தைதான் பொருந்தவில்லை. மாடு முட்டிய தழும்பைப் பெருமையாகக் காட்டும் ஊரில் காளையை விட்டுவிட்டுச் சிறுத்தையைப் பிடிப்பானேன்? அந்தக் காளையையும் காரைக்குடிக்காரர்கள் முதல் வருஷமே தங்கள் அணிப் பெயருக்குத் துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள். தவிர, 'சிறுத்தைகள் ஜெயிச்சிருச்சுப்பா' என்று டீக்கடையில் சொன்னால் 'எந்தத் தொகுதி?' என்று கேட்கிற நாடு இது.

இந்தச் சிறுத்தைக் கூட்டத்தில் கட்டட வரைபடம் போடுகிற ஒருவர் இருந்தார். ஆர்க்கிடெக்சர் படித்தவர். சின்ன வயதில் விக்கெட் கீப்பர், அப்புறம் டென்னிஸ் பந்து கிரிக்கெட், நடுவில் வேகப்பந்து, முழங்காலில் அடிபட்டதும் சுழல். 'ஜீவா' படத்தில் தலைகாட்டியவரும்கூட. மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் இந்த ஜாதகத்தைக் கொடுத்தால் 'பையன் ஒரு வேலையிலும் நிலைக்கமாட்டான் போல' என்று காபியோடு அனுப்பிவிடுவார்கள். வருண் சக்கரவர்த்தி வீசுகிற பந்து உள்ளே வருமா வெளியே போகுமா என்று பேட்ஸ்மேனுக்கும் தெரியவில்லை. அந்த சீசன் முழுக்க ஓவருக்கு ஐந்து ரன்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் அருண் கார்த்திக். வாலாஜாபேட்டைக்காரர். 2011 சாம்பியன்ஸ் லீக்கில் பெங்களூருக்குக் கடைசிப் பந்தில் ஆறு ரன் தேவைப்பட்டபோது, சவுத் ஆஸ்திரேலியாவின் டேன் கிறிஸ்டியன் பந்தைத் தூக்கி வெளியே போட்டவர். அந்த ஒரு பந்துக்காக அவர் பெயரில் ஒரு தெருவாவது இருக்கவேண்டும். ஏழு வருஷம் கழித்து நம் தலையைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஆட்டம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் ஆடி மாதத்தில். நல்ல காரியம் எதையும் தொடங்காத மாதம். அம்மியே பறக்கிற காற்றில் ஸ்டம்ப் பறப்பதா பெரிது? பறந்தது, ஆனால் அந்த வருஷம் பெரும்பாலும் எதிராளியுடையது. மேலே ஏறிக்கொண்டே போன சிறுத்தைகளுக்குக் குறுக்கே வந்து நின்றது திண்டுக்கல். 1985 வரை மதுரை மாவட்டத்துக்குள் கைகட்டி நின்ற ஊர்! தனிக்குடித்தனம் போன தம்பி பெரிய வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த மாதிரி, முதல் குவாலிஃபையரில் நம்மை அடித்துவிட்டு நேராக ஃபைனலுக்குப் போய்விட்டார்கள். நாம் கோவையை அடித்துப் பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம். நான் பார்த்தது சிம்மக்கல் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில், கல்லாவுக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கும் ஊதுபத்திச் சாம்பலும் ஏறிய டிவியில். அன்றைக்கு லார்ட்ஸில் இந்தியா வேறு தோற்றுக்கொண்டிருந்தது. சாதாரணத் தோல்வி இல்லை, ஒரு இன்னிங்ஸ், 159 ரன். இரண்டு இன்னிங்ஸிலும் நம் ஆட்களில் அதிக ரன் எடுத்தவர் அஸ்வின். திண்டுக்கல் அணியின் பெரிய தலை. அவர் அங்கே தனியாக மாரடித்துக்கொண்டிருக்க, இங்கே அவருடைய ஆட்கள் அவரில்லாமல் ஃபைனல் ஆடினார்கள். லார்ட்ஸ் கொடுமையைப் பார்க்கச் சகிக்காமல்தான் கடைக்காரர் சேனலை மாற்றினார்.

திண்டுக்கல் 117-க்கு ஆல் அவுட். ஜெகதீசன் மட்டும் 51. அபிஷேக் தன்வர் நாலு விக்கெட். 118 என்பது ஒரு இலக்கா? சால்னா ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று நினைத்துக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மதுரையில் அந்தச் சத்தம் பாதியில் நின்றால் ஒன்று கரண்டு போயிருக்கவேண்டும், இல்லையென்றால் கலவரம். மாஸ்டர் இரண்டு தகட்டையும் கையில் பிடித்தபடி டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவுண்ணே?"

"மூணு."

"மூணு ரன்னா?"

"மூணு விக்கெட்டுப்பா. ரன்னு இன்னும் எடுக்கல. வந்தாய்ங்க, போயிட்டாய்ங்க."

மூன்று பேர், மூன்று பேரும் சுழி. ஃபைனலில், பூஜ்யத்துக்கு மூன்று. போன வருஷத்து மொய் நோட்டை யாரோ திரும்பப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. "அண்ணே, பேசாம லார்ட்ஸையே வைங்க" என்றது ஒரு குரல். "அங்க மட்டும் என்ன வாழுது?" என்றார் கடைக்காரர், ரிமோட்டைத் தராமல். அந்த ஒரு பிடிவாதத்துக்காகவே அவருக்குக் கோப்பையில் ஒரு காதைப் பிய்த்துக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் நடந்தது நாலாவது விக்கெட். அதாவது, நடக்கவே இல்லை. அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் கடைசிவரை நின்றார்கள். ஒருவர் 75, இன்னொருவர் 38, இருவருமே அவுட் இல்லை. மதுரையின் மொத்த ரன் 119. இரண்டு பேர் எடுத்தது போக மீதி ஆறும் எதிரணி பார்த்துப் போட்ட உதிரி. அதாவது அன்று மதுரை அணியில் பேட்டால் ரன் எடுத்தவர்கள் இரண்டே பேர். மூன்றாமிடத்தில் நிற்பது திண்டுக்கல் போட்ட தர்மம். 17.1 ஓவரில் கதை முடிந்தது. கொத்துச் சத்தம் மறுபடி கேட்டது, தாளம் கொஞ்சம் தாறுமாறாக. ஷிஜித் போட்ட நங்கூரத்தை யாரும் பாராட்டவில்லை. 38 அடித்தவனுக்கு எந்தக் கடையிலும் கலக்கி இலவசமாகக் கிடைப்பதில்லை, அது அநியாயம்.

அந்த டிசம்பரில் ஜெய்ப்பூர் ஏலத்தில், 20 லட்சம் அடிப்படை விலைக்கு நின்ற நம் ஆர்க்கிடெக்டைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. அதற்குப் பிறகு பாந்தர்ஸுக்கு இன்னொரு கோப்பை வாய்க்கவில்லை. 2024-ல் திண்டுக்கல் அஸ்வின் தலைமையிலேயே ஜெயித்துக் கணக்கை நேர் செய்துகொண்டது. 2025-ல் சேலத்தில் திண்டுக்கல்லிடம் ஒன்பது விக்கெட்டில் உதை வாங்கியதும், அவர்கள் துண்டில் ரசாயனம் தடவிப் பந்தைத் துடைத்தார்கள் என்று நம் ஆட்கள் புகார் எழுதினார்கள். துண்டுகள் இரண்டு அணிக்கும் ஒரே இடத்தில் கொடுத்தவை, ஆதாரம் எதுவும் இல்லை என்று லீக் மூடிவிட்டது. ஏழு வருஷத்தில் சிறுத்தை, துண்டைப் பார்த்து மிரளுகிற கன்றுக்குட்டியாகிவிட்டது.

கடைசியில் மைதானமும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வேலம்மாள் குழுமம் கட்டிய கிரிக்கெட் ஸ்டேடியத்தைத் தோனி வந்து திறந்து வைத்தார். எங்கே என்று கேட்டீர்களானால், சிந்தாமணியில், ரிங் ரோட்டுப் பக்கம். ஊருக்கு வெளியே.