பிள்ளைக்குப் புத்தகம் எடுப்பவர்

பிள்ளைக்குப் புத்தகம் எடுப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் காணப்படுவார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் ஐந்து வயதுப் பிள்ளை. தாய்மாரிலும் இவ்வினம் உண்டு. முற்றிய நிலையில் கிடைப்பது தந்தையரிடம்தான். சொத்துவரி ரசீதில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போவதை என்றோ கவனித்துவிட்டவர். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் பலனை வட்டியோடு வசூலிக்காமல் விடுவதில்லை என்ற உறுதி நடையிலேயே தெரியும்.

முன்னட்டையைப் பார்க்கும் வழக்கம் இவருக்கு இல்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல நேரே கடைசிப் பக்கத்துக்குப் போவார். அங்கே நீதி இருக்க வேண்டும். யானை குளித்தது, கரையேறியது, மறுபடி சேற்றில் புரண்டது, அவ்வளவுதான் கதை என்றால் விடமாட்டார், நூலகரிடமே போய், "அப்புறம் என்ன சார் ஆச்சு?" என்று கேட்பார். அப்புறம் ஒன்றும் ஆகவில்லை என்ற பதில் அவருக்குப் போதுவதில்லை.

அடுத்தது நிலைச் சோதனை. பிரதம் புக்ஸ் தன் கதைகளை 4 நிலைகளாகப் பிரித்திருக்கிறது. முதல் நிலை, எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைக்கு. 250 சொற்களுக்குள் முடிந்துவிடும். நான்காம் நிலை, தானாகவே சரளமாகப் படிப்பவர்களுக்கு. 1,500 சொற்களைத் தாண்டும். வாசகர் தன் படியைத் தானே கண்டுகொள்ள உதவும் நல்ல ஏற்பாடு. நம்மவரோ இதை வகுப்புத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்வார். முதல் நிலைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் பரம்பரைக்கே இழுக்கு. "பாப்பாவுக்கு இதெல்லாம் ரொம்ப ஈஸி" என்று பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி சொல்லிவிட்டு நான்காம் நிலையை எடுப்பார். பாப்பா இன்னும் 'ழ'வைத் திருப்பிப் போட்டு எழுதிக்கொண்டிருப்பவள்.

பிறகு பொது அறிவுக் களஞ்சியம், தலைவர்கள் வரலாறு, ஏதாவது ஒரு வினா விடை என்று பை நிரம்பும். ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல் என்று நூலகவியலுக்கு 1931-இல் விதி எழுதியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் அப்பாவின் நூல் என்று திருத்தம் கொண்டுவந்தவர் இவர்.

இதற்குள் பிள்ளை தன் புத்தகத்தை எடுத்து முடித்திருக்கும். அது டைனோசர் புத்தகம். முதுகில் செல்லோ டேப், நடுவே இரண்டு தாள் தொங்கல், அட்டையிலிருக்கும் டைனோசருக்கு முன்பு யாரோ பால்பாயின்ட் பேனாவால் போட்ட மீசை.

"இதைத்தானே போன வாரமும் எடுத்தோம்?"

"ஆமாப்பா."

தகப்பனார் ஆட்சேபணையாகச் சொன்னதைப் பிள்ளை சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். ஒரே கதையை இருபது தடவை கேட்கும் பிள்ளைக்கு, அடுத்து வரப்போகும் வரி முன்கூட்டியே தெரிவதுதான் ருசி. அட்டைப் படத்தை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதுவும் படிப்பில் சேர்த்திதான் என்பது இவர் கணக்கில் வராது. சமரசமாக, களஞ்சியம் இரண்டு வந்தால் டைனோசர் ஒன்று வரலாம் என்று ஒப்பந்தமாகும்.

சென்னையில் வசிப்பவராக இருந்தால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. 2010-இல் திறந்த அந்த நூலகத்தின் சிறுவர் பிரிவில் ஒரு செயற்கை மரம் நிற்கிறது. அதனடியில் பிள்ளையை உட்காரவைத்து, மடியில் தடிமனான புத்தகம் ஒன்றை விரித்துப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பார். புத்தகம் தலைகீழாக இருப்பதை மைத்துனர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

கிளை நூலகத்தில் தவணைத் தேதி முத்திரை விழும்போது இவரது கவனமெல்லாம் ஒன்றில்தான். "தாள் முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சுன்னு எழுதிக்குங்க சார். மீசையும் நாங்க போட்டதில்ல."

"தெரியும் சார்," என்பார் நூலகர். "போன வாரமே எழுதியாச்சு."