டி-ஷர்ட் இல்லாத ஊழியம்

2020 அக்டோபரில், திறமூல மென்பொருள்களுக்கு நான்கு மாற்றங்களை அனுப்பினால் டி-ஷர்ட் என்றது ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற இணைய விழா. ரீட்மீயில் 'அருமையான புராஜெக்ட்' என்று ஒட்டியே பலர் கணக்கை முடிக்கப் பார்த்தார்கள். மாதம் பிறந்த சில நாட்களிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

ராஜபாளையத்துப் பொறியியல் மாணவர் ஜாவாவின் திறமூலத் திட்டமான ஓப்பன்ஜேடிகே பக்கம் போனால் அந்தப் பாச்சா பலிக்காது. முதலில் ஆரக்கிள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. பிறகு பிழைக்கு ஓர் எண். வரிக் கடைசியில் ஒரு ஸ்பேஸ் மிச்சமிருந்தாலும் 'ஜேசெக்' என்ற சோதனைக் கருவி வாசலிலேயே மறித்துவிடும். ராஜபாளையம் நாயாவது ஒருமுறை முகர்ந்து பார்க்கும். ரிவ்யூவர் தலையாட்டினாலும் போதாது: புதியவர் 'இன்டகிரேட்' என்று விண்ணப்பிக்க, மாற்றங்களைச் சேர்க்கும் உரிமையுள்ள கமிட்டர் ஒருவர் 'ஸ்பான்சர்' என்று திருவாய் மலர்ந்தால்தான் நிரல் உள்ளே போகும்.

இத்தனைக்கும் டி-ஷர்ட் கிடையாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைச் சொந்தக் காசில் வாங்கித்தான் கொண்டாட வேண்டும்.