பேய்க்கு வேண்டியது பட்டா

அமெரிக்காவில் சனிக்கிழமைக்குச் சனி பிடித்தது 1968-இல். அதுவரை பெற்றோர்கள் சனிதோறும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விடிந்ததும் எழுந்து, ஒரு கிண்ணத்தில் பாலும் சீரியலும் கொட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். பகல் வரைக்கும் வீட்டில் சத்தமே இருக்காது. டிவிக்குள் மட்டும் உலகப் போர் நடக்கும். 'ஸ்பேஸ் கோஸ்ட்' என்றொருவர் மணிக்கட்டிலிருந்து கதிரைப் பாய்ச்சி வில்லன்களைப் பொசுக்குவார். 'ஹெர்குலாய்ட்ஸ்' தொடரில் பத்துக் கால் பிராணி ஒன்று மூக்குக் கொம்பிலிருந்து கல் கல்லாகச் சுடும். பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு, பெற்றோருக்கு நல்ல தூக்கம். யாருக்கும் புகார் இல்லை.

அந்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூனில் ராபர்ட் கென்னடியை. வியட்நாமிலிருந்து தினமும் சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. நாட்டில் இவ்வளவு வன்முறை எங்கிருந்து வருகிறது என்று பெரியவர்கள் வீடெல்லாம் தேடி, கடைசியில் டிவியைக் கண்டுபிடித்தார்கள். துப்பாக்கியைப் பிடுங்குவது அந்த ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. கார்ட்டூனைப் பிடுங்குவது சுலபம். பாஸ்டன் பக்கத்தில் சில அம்மாக்கள் கூடி, குழந்தைகள் டிவியைத் திருத்துவதற்கென்று ஒரு சங்கமே வைத்துவிட்டார்கள். சங்கம் வைத்த அம்மாக்களோடு மோதிப் பிழைத்த கம்பெனி எந்தத் தேசத்திலும் கிடையாது.

சி.பி.எஸ். நிறுவனத்தில் பகல் நேர நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாளர் ஃபிரெட் சில்வர்மேன். முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தச் சூப்பர் ஹீரோக்களைச் சனிக்கிழமைக் காலையில் வரிசைகட்டி நிற்க வைத்தவரே அவர்தான். வரிசையைக் கலைக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது. அடிதடி கூடாது, ஆனால் பிள்ளை எழுந்து போகவும் கூடாது. விளம்பரக்காரன் விடமாட்டான்.

சில்வர்மேன் கையில் ஏற்கெனவே ஒரு ஹிட் இருந்தது. 'ஆர்ச்சி' காமிக்ஸ் இளசுகள் பேண்டு வாத்தியம் வாசிக்கிற கார்ட்டூன். அதில் வந்த 'சுகர், சுகர்' பாட்டு 1969-இல் அமெரிக்காவின் நம்பர் ஒன் இடத்தைப் பிடித்தது. காகிதத்தில் வரைந்த பிள்ளைகள் பாடிய பாட்டு, ரத்தமும் சதையுமாக இருந்த பாடகர்களையெல்லாம் ஓரம் கட்டியது. ஆகவே இன்னொரு பேண்டு வேண்டும், கூடவே கொஞ்சம் மர்மமும் வேண்டும் என்று ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோவுக்கு ஆர்டர் போனது. ஸ்பேஸ் கோஸ்ட்டையும் கல் சுடும் பிராணியையும் தயாரித்த அதே ஸ்டுடியோதான். விஷக்கடை நடத்தியவரிடமே மருந்துக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கதை எழுத உட்கார்ந்தவர்கள் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ். முதல் வடிவத்துக்குப் பெயர் 'மிஸ்டரீஸ் ஃபைவ்'. ஐந்து இளசுகள் ஊர் ஊராகக் கச்சேரி செய்வார்கள், கச்சேரி இல்லாத நேரத்தில் பேய் பிடிப்பார்கள். கூடவே 'டூ மச்' என்றொரு நாய். அது பாங்கோ டிரம் வாசிக்கும். பேரைக் கேட்டபோதே யாராவது யோசித்திருக்கலாம்.

ஐந்து பேர் பிறகு நான்கு பேரானார்கள். 1959-இல் தொடங்கிய 'டோபி கில்லிஸ்' என்ற நகைச்சுவைத் தொடரின் பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்து இவர்களை வார்த்தார்கள். அதிலிருந்த தாடிக்காரச் சோம்பேறி இங்கே ஷாகி ஆனான். அழகிக்கு டாஃப்னி என்று பேர், புத்திசாலிக்கு வெல்மா. கதாநாயகனுக்கு முதலில் ரானி என்று வைத்திருந்தார்கள். ஃபிரெட் சில்வர்மேன் அதை மாற்றச் சொன்னார். என்ன பெயர் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. உலகத்தில் எந்த ஆபீசிலும் நடக்கிற காரியம்தான்.

நாயை வரைந்தவர் இவாவ் டகமோட்டோ. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய முகம் உள்ளவர்களையெல்லாம் முள்வேலிக்குள் அடைத்தபோது, பதின்வயதில் மன்சனார் முகாமில் கிடந்தவர். படம் போடுவதை அங்கே உடன் இருந்தவர்களிடம் கற்றுக்கொண்டு, வெளியே வந்ததும் டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த நாய் உருவான விதம் எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம். ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒரு பெண்மணி கிரேட் டேன் இன நாய்களை வளர்ப்பவர். அவரிடம் போய், பரிசு வாங்குகிற நாய்க்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று கேட்டார் டகமோட்டோ. முதுகு நேராக இருக்க வேண்டும், கால் நேராக இருக்க வேண்டும், தாடை சிறியதாக இருக்க வேண்டும் என்று அந்தம்மா பக்தியோடு ஒப்பித்தார். டகமோட்டோ அத்தனையையும் கேட்டுக்கொண்டு வந்து, வளைந்த கால், கூன் முதுகு, இரட்டைத் தாடை என்று ஒவ்வொன்றாகத் தலைகீழாக வரைந்தார். சாமுத்திரிகா லட்சணத்தை இவ்வளவு ஒழுங்காகப் படித்து இவ்வளவு ஒழுங்காக மீறியவர் வேறு யாருமில்லை.

படங்களைத் தூக்கிக்கொண்டு சில்வர்மேன் நியூயார்க்கில் மேலிடத்துக்குப் போனார். அப்போது தொடரின் பெயர், யாருக்குப் ப-ப-பயம் என்று திக்கித் திக்கிக் கேட்கிற பெயர். பதில் அந்த அறையிலேயே கிடைத்தது. சி.பி.எஸ். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டனுக்கு. இதெல்லாம் குழந்தைகளுக்கு ரொம்பப் பயங்கரம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சங்கத்து அம்மாக்களிடம் அரண்டு போயிருந்தவர்களுக்கு படத்தில் வரைந்த கோட்டை கூடப் பேயாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அடுத்து வருகிற சம்பவத்துக்குச் சில்வர்மேன் ஒருவர்தான் சாட்சி. சோகமாக விமானத்தில் போகிறார். தூக்கம் வரவில்லை. காதில் ஃபிராங்க் சினாட்ரா பாடுகிறார். 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்' பாட்டின் முடிவில், வரிகள் தீர்ந்துபோன பாடகர்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரி சினாட்ராவும் ஏதோ டூபி டூபி என்று முனகுகிறார். ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து குதித்த மாதிரி சில்வர்மேன் சீட்டிலிருந்து குதித்தார் (பெல்ட் போட்டிருந்ததால் பாதிதான் குதித்திருக்க முடியும்). நாய்க்கு ஸ்கூபி-டூ என்று பெயர், நாய்தான் கதாநாயகன், பயம் பாதி சிரிப்பு பாதி. பாங்கோ வாசித்துக்கொண்டிருந்த நாய்க்கு ஒரே ராத்திரியில் பதவி உயர்வு. பேண்டு வாத்தியம் மூட்டை கட்டப்பட்டது. கச்சேரிக்குப் போகிற தோரணையில் பூப்போட்ட வேன் ஒன்று மட்டும் மிச்சம்.

1969 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை முதல் எபிசோட். இரண்டு சீசனில் மொத்தம் 25. அவற்றைப் பேய்க்கதை என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் அத்தனையும் சொத்துத் தகராறு.

மூன்று இடம் சொல்கிறேன். 'கோல்டு சிட்டி' என்ற பாழடைந்த தங்கச் சுரங்க ஊரில், தாடி வைத்த கிழட்டுச் சுரங்கத் தொழிலாளியின் ஆவி அலைகிறது. சுற்றுலாப் பயணிகள் ஓடிவிட்டார்கள், பண்ணை முதலாளி போண்டி. முகமூடியைக் கழற்றினால், அங்கேயே வேலை பார்க்கிற ஹாங்க். சுரங்கத்தில் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, நிலத்தை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்த்திருக்கிறான். இன்னொன்றில் கைவிடப்பட்ட விமானத் தளத்தில் ஒளிரும் மண்டை ஓட்டோடு வேற்றுக்கிரகவாசி வந்து நெஞ்சு பதறச் சிரிக்கிறது. அதுவும் பக்கத்து நிலத்துக்காரர்தான். விமானப் படை அந்தத் தளத்தைத் திரும்பத் திறக்கப் போகிறது என்று மோப்பம் பிடித்து, அக்கம்பக்கத்து விவசாயிகளைத் துரத்திவிட்டு வாங்கிப் போட்டு, அரசாங்கத்துக்கே விற்கிற திட்டம். இதற்கு வேற்றுக்கிரகம் எதற்கு? எந்தப் பைபாஸ் ரோட்டோரத்திலும் நடக்கிறதே.

மூன்றாவதுதான் மகுடம். கர்னல் சாண்டர்ஸ் என்ற பணக்காரரின் உயில். (கோழி வறுத்தவர் இல்லை, இவர் போரிகார்ட் சாண்டர்ஸ்.) முன்பொரு நாள் தன் உயிரைக் காப்பாற்றிய ஸ்கூபிக்கும் நான்கு சொந்தக்காரர்களுக்கும் பத்து லட்சம் டாலரை எழுதி வைத்திருக்கிறார். நிபந்தனை: தீவிலிருக்கிற மாளிகையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும், ஓடிப்போகிறவரின் பங்கு இருப்பவர்களுக்கு. இரவில் பச்சைப் பிசாசு உலாவுகிறது, சொந்தங்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். முடிவில் பார்த்தால் ஒரு பிசாசு இல்லை, இரண்டு. இரண்டும் உயிலைக் கையாண்ட வக்கீல்கள். அடிபட்டு உதைபட்டுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கிற பத்து லட்சமும் உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாகாணக் கூட்டமைப்பின் நோட்டு. வெற்றிலை மடிக்கக்கூட உதவாது. வாரிசுச் சண்டை போடுகிற எல்லாக் குடும்பத்துக்கும் இந்த எபிசோடைக் கோர்ட்டே போட்டுக் காட்டலாம்.

இவ்வளவு பெரிய நில மோசடிகளைப் பிடித்த இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது, பள்ளிக்கூடம் போவதாகத் தெரியவில்லை, வீட்டிலிருந்து எங்கே இருக்கிறாய் என்று ஒரு போன் கிடையாது. ஃபிரெட் செய்கிற ஒரே காரியம், பேய் இருக்கிற வீட்டில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போவோம் என்று சொல்வது. சொல்லிவிட்டுப் பயந்தாங்கொள்ளிகளான ஷாகியையும் ஸ்கூபியையும் ஒரே பக்கம் அனுப்புவான். ஸ்கூபிக்கு ஒரு பிஸ்கட் லஞ்சம் கொடுத்தால் எந்த இருட்டுக்குள்ளும் போகும். வெல்மாவுக்குக் கண்ணாடி கீழே விழுந்துவிடும். இது மட்டும் எழுத்தாளர் கற்பனையில்லை. குரல் கொடுத்த நிக்கோல் ஜாஃபே வசனம் படித்துப் பார்த்தபோது நிஜமாகவே கண்ணாடியைத் தொலைத்துவிட்டுப் புலம்ப, நன்றாயிருக்கிறதே என்று கதையில் சேர்த்துவிட்டார்கள்.

தயாரிப்பில் கஞ்சத்தனம் தாண்டவமாடும். ஹன்னா-பார்பெராவின் டிவி கார்ட்டூன்களில் கரடிக்கும் நாய்க்கும் காலரும் டையும் ஏன் என்றால், அலங்காரத்துக்கு அல்ல. கழுத்தில் ஒரு கோடு கிடைத்தால் உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் திரும்ப வரையலாம். ஃபிரெட் கழுத்திலும் டாஃப்னி கழுத்திலும் ஏன் துணி சுற்றியிருக்கிறது என்பதை இப்போது பாருங்கள். தாழ்வாரத்தில் ஷாகி ஓடினால் ஒரே கதவும் ஒரே மேஜையும் திரும்பத் திரும்ப வரும். யாரும் இல்லாத கோட்டையில் யாரோ சிரிக்கும் டேப் வேறு ஓடும். தொடரிலேயே எனக்கு உண்மையாகப் பயம் தந்தது அந்தச் சிரிப்புதான்.

ஷாகிக்குக் குரல் கேஸி கேசம். வானொலியில் பாட்டு வரிசை சொல்லி நாடு முழுக்கப் பிரபலமானவர், சுத்த சைவம். 1995-இல் ஒரு ஹாம்பர்கர் கம்பெனி விளம்பரத்துக்கு ஷாகியாகப் பேசச் சொன்னார்கள், வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். 2002-இல் ஷாகியையும் சைவமாக்குகிறோம் என்று சம்மதித்த பிறகுதான் திரும்பினார். ஃபிரெட்டுக்கு 1969-இல் குரல் கொடுக்கத் தொடங்கிய ஃபிராங்க் வெல்கர், அரை நூற்றாண்டு கழித்தும் அதே பையனுக்குப் பேசினார். டீனேஜ் வேலையில் இவ்வளவு காலம் பென்ஷன் இல்லாமல் இருந்தவர் அவராகத்தான் இருப்பார்.

பிறகு சீரழிவு. 1979-இல் பார்வையாளர் குறைந்ததும் ஸ்கூபியின் உடன்பிறந்தவள் மகனைக் கொண்டுவந்தார்கள். ஸ்கிராப்பி-டூ. தாய்மாமன் பயந்து ஓட, மருமான் எதிரே நின்று குத்துச்சண்டைக்குக் கூப்பிடுவான். தொடர் பிழைத்துக்கொண்டது, ரசிகர்களுக்கு ரத்தக் கொதிப்பு. 2002-இல் எடுத்த சினிமாவில் வில்லனின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்கிராப்பி. 23 வருஷத்துப் பகையை இப்படித் தீர்த்துக்கொண்டார்கள்.

1985-இல் அதைவிடப் பெரிய துரோகம். பெட்டியைத் திறந்து 13 நிஜப் பேய்களை விட்டுவிட்டார்கள். கடைசிப் பேயைப் பிடிக்காமலேயே தொடர் நின்றுபோனது. 2019-இல் தனியாக ஒரு படம் எடுத்துத்தான் கணக்கை நேர் செய்தார்கள். விஞ்ஞானி கார்ல் சேகன் 1995-இல் வந்த தன் புத்தகத்தில், அமானுஷ்யத்தை விசாரித்து ஒவ்வொன்றுக்கும் சாதாரணக் காரணத்தைக் காட்டுகிற தொடர் பெரியவர்களுக்கும் வேண்டும், குழந்தைகளுக்கு ஸ்கூபி-டூ அதைச் செய்கிறது என்று மெச்சியிருந்தார். மூன்றே வருஷத்தில் ஜாம்பி தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிஜ ஜாம்பிகளைக் காட்டினார்கள்.

2023-இல் 'வெல்மா' என்று பெரியவர்களுக்கான தொடர் வந்தது. இதில் வெல்மா இந்திய வம்சாவளிப் பெண். குரல் கொடுத்தவர் மிண்டி கேலிங், அதாவது தமிழரான சொக்கலிங்கத்தின் மகள். நம் வீட்டுப் பெண் பேய் பிடிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பார்த்தேன். அதில் ஸ்கூபியே இல்லை. ஸ்கூபி இல்லாத ஸ்கூபி-டூவை விமர்சகரும் ரசிகரும் சேர்ந்து மொத்தினார்கள், 2024-இல் மூடிவிட்டார்கள். சில்வர்மேன், ரூபி, ஸ்பியர்ஸ் மூவரும் 2020 என்ற ஒரே ஆண்டில் காலமாகியிருந்தபடியால் இதைப் பார்க்கும் கொடுமை அவர்களுக்கு நேரவில்லை.

ஆகவே வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் 25 எபிசோடுகளை மட்டும் காட்டுங்கள். வக்கீல்கள் பிசாசாக வரும் கதையில் ஆரம்பிக்கலாம். பச்சைப் பிசாசைப் பார்த்துப் பிள்ளை அலறினால், விளக்கைப் போடுவதற்கு முன் அந்த மாளிகை யார் பேரில் இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லிக் கொடுங்கள். பின்னால் மனை வாங்கும்போது உதவும்.