துணைநூற்பட்டியல்

தம்பி ஒருவர் புறநானூறு பற்றிய ஆய்வேட்டைப் பார்த்துத் தரச்சொன்னார். துணைநூற்பட்டியலில் இருந்து தொடங்குவது என் கெட்ட பழக்கம். மொத்தம் 47 நூல்கள். முதல் ஒன்பதும் நெறியாளர் எழுதியவை. அதிலொன்று பாரதியாரைப் பற்றியது.

"இது எதுக்குத் தம்பி?"

"ஐயா புத்தகம் ஒண்ணு விட்டுப்போனாலும் வைவா தள்ளிப்போகும் சார்."

18-ஆவதாக 'கூகுள்' என்று மட்டும் இருந்தது. ஆசிரியர், ஆண்டு, பக்கம் எதுவும் இல்லை. அடுத்து, பெரியப்பா அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. பலமுறை பகிரப்பட்டது என்று வாட்ஸ்அப்பே மேலே போட்டிருக்கிறதாம். அதைவிடச் சான்று வேண்டுமா என்கிறார்.

உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து, ஒப்புநோக்கி, பாடபேதம் குறித்து 1894-இல் புறநானூற்றை அச்சிட்டார். அந்தப் பதிப்பு பட்டியலில் இல்லை. பிடிஎஃப் பெரிசு, டவுன்லோடு ஆகலையாம்.

போகட்டும் என்று உள்ளே புரட்டினேன். 31-ஆம் பக்கத்தில் 267-ஆம் பாட்டின் உவமை நயத்தை உருகி உருகி விளக்கியிருந்தார். புறநானூற்றில் 267, 268 இரண்டு பாட்டும் இதுவரை கிடைக்கவில்லை.