ஆறேழு நாற்பத்திரண்டு: ஏழாம் வாய்ப்பாட்டில் காவலில்லாத ஒரு படி குறித்த ஆய்வு

இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆராய ஒன்றுமில்லை. ஐந்தாவது தானாக ஓடும். பத்தாவதைப் படிப்பு என்பதே அதிகம். ஆய்வுலகம் கண்டுகொள்ளாமல் விட்டது ஏழாம் வாய்ப்பாட்டை. ஒன்று முதல் பத்து வரை உள்ளவற்றில் கடினமானது இதுவே. அதை உணர்ந்த தமிழ்ச் சமூகம் படிக்குப் படி ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது. ஆறாம் படிக்கு மட்டும் ஆள் போட மறந்துவிட்டது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

எட்டும் ஒன்பதும் ஏழைவிடப் பெரியவை அல்லவா என்பார்கள். பெரியதெல்லாம் கடினம் என்றால் பத்தல்லவா எல்லாரையும் அழவைத்திருக்க வேண்டும்? ஒன்பதில் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வந்துவிடும். எட்டின் ஒன்றாமிடம் 8, 6, 4, 2, 0 என்று இறங்கி, மறுபடி அப்படியே இறங்கும். ஏழிலோ 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0 எனப் பத்து இலக்கமும் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகின்றன. பிடித்துக்கொள்ள ஓர் ஒழுங்கும் கிடைப்பதில்லை. மூன்றும் அப்படித்தானே என்பது கூர்மையான மறுப்பு. உண்மைதான், பூஜ்யத்தை விட்டுவிட்டால் மூன்றின் வரிசை ஏழின் வரிசையைத் தலைகீழாகப் படித்ததே. ஆனால் மூன்று முப்பதோடு முடிகிறது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணுகிறவருக்கு விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு எனக் கையே வாய்ப்பாடாகிவிடுகிறது. ஏழு கணு உள்ள விரல் எவருக்கும் இல்லை.

இனிக் காவலாளிகள். ஈரேழு பதினாலு லோகத்திலும் இப்படியொரு பிள்ளை உண்டா என்று பாட்டி கொஞ்சும்போதே இரண்டாம் படி காதில் விழுந்துவிடுகிறது. மூவேழு இருபத்தொரு தலைமுறை சாபத்தோடும் ஆசீர்வாதத்தோடும் வரும். இருபத்தெட்டுக்குச் சைவ ஆகமங்கள் இருக்கின்றன. எந்தக் குழந்தைக்கு ஆகமம் தெரியும் என்று கேட்பவருக்கு, சரியாக நாலு வாரத்தில் முடியும் பிப்ரவரியைக் காட்டலாம். முப்பத்தைந்தைப் பத்தாம் வகுப்பின் பாஸ் மார்க் காக்கிறது. இதைவிட விழிப்பான காவல் தமிழ்நாட்டில் கிடையாது. நாற்பத்தொன்பதுக்கு, வாக்களிக்க விரும்பாதவர்கள் வாக்குச்சாவடியில் கேட்டுக்கொண்டிருந்த 49-ஓ. ஐம்பத்தாறுக்குக் கதைகளில் வரும் ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்கள். அறுபத்துமூன்றுக்கு நாயன்மார். இதெல்லாம் தற்செயல் என்று ஒதுக்குவோர் அந்தக் கடைசிச் சான்றைக் கவனிக்க வேண்டும். சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் பாடிய தனியடியார் அறுபது பேர். பின்னர் அவரையும் அவருடைய தாய் தந்தையரையும் சேர்த்தே அறுபத்துமூவர் ஆயினர் என்பது வழக்கு. அறுபதை ஏழால் வகுத்தால் நாலு மிஞ்சும். பக்தியே காரணம் என்று சமய அறிஞர்கள் சொல்வார்கள். வாய்ப்பாட்டையும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நாற்பத்திரண்டுக்கு இப்படி யாரும் இல்லை. ஐயப்ப விரதம் நாற்பத்தொன்றில் நின்றுவிடுகிறது. சித்த வைத்தியரின் மண்டலமோ நாற்பத்தெட்டுக்குத் தாவிவிடுகிறது. விளைவை வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்டாலே தெரியும்: ஓரேழில் கூரை அதிரும் குரல், ஐயேழு வரை இறங்காது, ஆறேழில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைக்க, "...த்திரண்டு" என்ற வால் மட்டும் கேட்கும், அடுத்த படியில் பழையபடி முழக்கம். ஆறாம் வாய்ப்பாட்டிலிருந்து விடையை எடுத்துக்கொள்ளலாமே என்று கணித ஆசிரியர்கள் சொல்வார்கள். ராகத்தோடு படித்த பிள்ளையிடம் திடீரென்று ஆறேழு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மேலே செருகிக்கொண்டு, ஓரேழிலிருந்து முணுமுணுத்து ஏறி, விடையில்தான் வாயைத் திறக்கும். நடுவழியில் வேறு வாய்ப்பாட்டுக்கு மாற அதற்கு வழியில்லை.

ஆகவே காலியிடத்தை நிரப்பியாக வேண்டும். பாஸ் மார்க்கை நாற்பத்திரண்டாக உயர்த்தலாம் என்ற யோசனையை மாணவர் சமூகம் ஏற்காது. ஏற்றாலும் முப்பத்தைந்து அநாதையாகும். விரதத்தை ஒரு நாள் நீட்டச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. மிஞ்சும் ஒரே தகுதியான விண்ணப்பம், நெருக்கடி நிலையின்போது 1976இல் வந்த அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம். கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது அதுதான். வாய்ப்பாடும் அந்தக் கல்விக்குள்தான் அடக்கம். பிள்ளைகளுக்கு இது எட்டாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் கல்வி உரிமை பற்றி மேடையில் முழங்கும் நம் அரசியல்வாதிகளில் ஒருவரும் இந்த எண்ணில் இதுவரை தடுமாறியதில்லை.